எந்த ஊர்க் காடு

ஆடி மாதம் கச்சான் காற்று நமுனுகுல மலையைத் தாண்டி இறங்கும்போது பசறைப் பக்கம் முதலில் காய்வது மானாப்புல். அதற்கப்புறம் பைனஸ் காட்டுக்குள்ளே கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும் ஊசியிலை. அது லேசில் மக்காது. மாட்டுக்குத் தளிர்ப்புல் வேண்டுமென்று யாராவது மானாவுக்கு நெருப்பு வைத்தால் இரவெல்லாம் மலை எரியும். இதே காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணமும் ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் விலை கூடும் காலமும் அதுதான். கீழே ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ராத்திரி வேலை; மேலே மலையில் தீ. இரண்டையும் லயத்து வாசலில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான்.

அந்தத் தீயை அணைக்க எங்கள் ஆட்கள் ஓடியதாக நினைவில்லை. "அது வன இலாகா மரம்" என்பார்கள் பெரியவர்கள். பச்சைக் கொப்பை ஒடித்து அடித்து அணைக்க எல்லோருக்கும் தெரியும். தேயிலைப் பக்கம் நெருப்பு திரும்பினால் லயமே திரண்டு ஓடும். பைனஸ் எரிந்தால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் ஏன் அப்படி நின்றார்கள் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பைனஸ் கரிபியன் பக்கத்து மரம். 1970, 80களில் ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளிலும் கைவிட்ட தேயிலை மலைகளிலும் அதைப் பரவலாக நட்டார்கள். லொக்கல் ஓயாவும் பதுளு ஓயாவும் மகாவலியில் போய்ச் சேர்கின்றன. மேலே மண் கரைந்தால் கீழே அணைக்கட்டு தூர்ந்துபோகும் என்ற கவலை. நியாயமான கவலைதான். எங்கள் பக்கத்தில் குழி வெட்டிய கூலியாட்களில் அப்பாவும் ஒருவர். குழிக்கு இவ்வளவு என்று கொந்தரப்பு. கன்று நட்டு முடிந்ததும் அந்த மலையோடு அவருக்கிருந்த உறவும் முடிந்தது.

அம்மாவின் மலை வேறு. கொழுந்து நிறுத்த பிறகு, பொழுது சாய்வதற்குள், கத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு விறகுக்குப் போவாள். கவ்வாத்து வெட்டிய மலையிருந்தால் கவலையில்லை, மிலாறு கிடைக்கும். ஆனால் ஒரு மலைக்குக் கவ்வாத்து மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான். மற்ற நாட்களில் சவுக்குக் கொப்பு, அதுவும் இல்லையென்றால் டர்பன்டைன் என்று நாங்கள் கூப்பிடும் யூக்கலிப்டஸ் காடு. அங்கே காவல்காரர் இருப்பார். அவரும் இன்னொரு லயத்துக்காரர்தான். "அக்கா, காஞ்சத மட்டும் எடுத்துட்டு ஓடு, துரை பாத்தா என் வேல போயிரும்" என்பார். ஒரு முறை வேறொருவர் அவள் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். அம்மா அழுதது விறகுக்காக அல்ல, கத்திக்காக. அது அம்மாயி கொடுத்த கத்தி.

அந்த யூக்கலிப்டஸ் ஸ்டோருக்காக வளர்ந்தது. ஒரு கிலோ தேயிலைத்தூள் உலர்ந்து வெளியே வர சுமார் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ விறகு எரிய வேண்டும். எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியதும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக விறகு அடுப்புக்குத் திரும்பின. தேயிலை குடிக்கிறவர்கள் கொழுந்தை நினைப்பார்கள், அதற்குப் பின்னால் ஒரு காடு எரிவதை நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

1982இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் பணத்தில் சமூக வனத் திட்டம் ஒன்று வந்தது. அது எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் எங்கள் பதுளையும் ஒன்று. விறகுக்காகக் காடு வளர்ப்பது, ஊருக்குப் பொதுவாக ஒரு தோப்பு, விவசாயிக்குத் தனியாக ஒரு தோப்பு என்று பல வழி. பொதுத்தோப்பு சரியாக எடுபடவில்லை. நட்டதற்குக் கூலி வாங்கிக்கொண்டு சனங்கள் போய்விட்டார்கள், அப்பா போனதைப் போலவே. தனித்தோப்பு நின்றது. 1993இல் அடுத்த திட்டம் வந்தபோது அந்த வழியையே பெரிதாக்கினார்கள்: அரச நிலம், 25 வருஷக் குத்தகை, மரம் நட்டு வளர்ப்பவனுக்கே. மலைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் தோப்பு வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். ஆடி பிறக்குமுன் மண்வெட்டியோடு போய்த் தோப்பைச் சுற்றிப் புல்லைச் செதுக்கித் தீ தாண்டாமல் பாதை போட்டுவிடுவார். யாரும் அவருக்குக் கூலி கொடுக்கவில்லை.

எங்கள் லயத்தில் யாருக்கும் அப்படியொரு துண்டு வந்ததாக நினைவில்லை. ஊர் மக்களோடு சேர்ந்து காடு என்று காகிதத்தில் எழுதும்போது, ஊர் என்பது கிராமம். தோட்டம் அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனியுடையது. அதில் குடியிருப்பவர்கள் ஊராகக் கணக்கில் வருவதில்லை. 1948இல் பிரஜாவுரிமை போனவர்கள் நாங்கள். கடைசியாக மிஞ்சியவர்களுக்கும் அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சித்தப்பா காத்திருக்கவில்லை. எங்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி நீலகிரிக்குப் போனார். கூடலூர்ப் பக்கம் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டம். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று வனத்துறை நிலத்தில் போட்ட தோட்டம். "இங்கயும் அதே கொழுந்துதான், ஆனை மட்டும் புதுசு" என்று கடிதம் எழுதினார். 2022இல் அந்தத் தோட்டங்களில் 2,000 ஹெக்டேயருக்கு மேல் மறுபடி வனத்துறைக்கே கொடுப்பதென்று அரசு முடிவெடுத்தது. காடு திரும்பி வருவது நல்லதுதான், நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் அந்த மலையை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் அந்த லயங்களில் இருக்கிறார்கள். வளரப்போகும் காட்டில் அவர்களுக்கு என்ன இடம்?

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. மேற்கு வங்காளத்தில் அரபாரி என்ற இடத்தில், 1972 வாக்கில், அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி விறகுக்காகச் சால மரத்தை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்த ஊர்களிடமே காவலைக் கொடுத்தார். காட்டில் வேலை, விறகு, மரம் விற்கும்போது 25 வீதம் பங்கு. வெட்டிய அடிமரங்களிலிருந்தே காடு தழைத்து வந்தது.

1990இல் இலங்கை இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. அதன் பிறகு வீட்டு மரத்துக்கு நாடு பெரிதும் நம்பியிருப்பது நட்ட காடுகளையும் வீட்டுத்தோட்டங்களையும்தான். கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டத்தில் பலா, மகோகனி, லுணுமிதெல்ல என்று மகளின் கல்யாணத்துக்கு ஒரு மரம் நிற்கும். லயத்துக்காரருக்கு வீடு கட்டக் கொடுத்த நிலம் 7 பேர்ச். அதில் சுவரும் கக்கூஸும் போக, கொய்யா மரம் ஒன்று வைக்கலாம். மரத்துக்கு உரிமை கொண்டாட எங்களுக்கு வீட்டுத்தோட்டம் என்ற வழியும் அடைபட்டிருக்கிறது. அதனால்தான் நட்ட காட்டில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்கிறேன்.

2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்து கொழும்பில் வெற்று சிலிண்டர்களோடு வரிசை நின்றபோது, பசறையிலிருந்து தங்கை தொலைபேசியில் சொன்னாள்: "இங்க கேஸ் இல்லாட்டி என்ன அண்ணே, எப்பவும் போல வெறகுதான்." அம்மா போன அதே சரிவுக்கு அவளும் போகிறாள். மரங்கள் தலைமுறை மாறிவிட்டன, வழி மாறவில்லை.

பைனஸைப் பற்றியும் புதிய வழிகள் தெரிந்திருக்கின்றன. சிங்கராஜா ஓரத்தில் 1991 முதல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குணதிலக்க தம்பதியரும் அமெரிக்காவின் மார்க் ஆஷ்டனும் பைனஸ் வரிசைகளைச் சில இடங்களில் எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் நாட்டுக் காட்டு மரங்களை வைத்துப் பார்த்தார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில் கன்றுகள் நன்றாக வளர்ந்தன. வெயில் தாங்காத கன்றுக்கு மிச்சமிருந்த பைனஸ் நிழல் கொடுத்தது. நமுனுகுலச் சரிவுக்கு ஏற்ற மரங்கள் வேறாக இருக்கும், முறை ஒன்றுதான். எடுக்கிற வரிசை மரம் விலைக்குப் போகும், கொப்பு விறகாகும், இடைவெளியில் காடு வரும். இதைச் செய்ய வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டாம். கவ்வாத்துக் கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் அடுத்த லயத்திலேயே இருக்கிறார்கள்.

2003 முதல் அவுஸ்திரேலிய உதவியோடு பல மாவட்டங்களில் ஊர் அமைப்புகளோடு வனத் திணைக்களம் ஒப்பந்தம் செய்து காட்டைக் கையளித்த அனுபவமும் இங்கே இருக்கிறது. அந்த ஒப்பந்தப் படிவத்தைத் தமிழில் கொண்டுவந்து லயத்து வாசலில் வாசிக்க வேண்டும். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் கொழுந்து மலையிலிருக்கும் பெண்கள் வர முடியாது; அந்திக் கொழுந்து நிறுத்த பிறகு வைக்க வேண்டும். எந்தச் சரிவில் எத்தனை வரிசை எடுப்பது, காய்ந்த கொப்பு யாருக்கு, தீப்பாதை செதுக்குவது எந்த லயத்தின் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகப் பேச வேண்டும். பங்கு எத்தனை வீதம் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அரபாரியில் அந்த 25 வீதத்துக்கு அரசின் ஒப்புதல் வந்தது 1987இல்.