கடியத்தில் ஆளுயரச் செடி தேடி

ராஜமுந்திரியிலிருந்து ராவுலபாலம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் வேமகிரியைத் தாண்டினால், நெல் வயல்கள் குறைந்து நிழல்வலைகளும் கறுப்புப் பைகளும் கண்ணில் படத் தொடங்கும். கடியம், கடியபுலங்கா, புர்ரிலங்கா என்று அடுத்தடுத்த ஊர்களில் செடி வளர்ப்புதான் பிழைப்பு. 1852-ல் ஆர்தர் காட்டன் கட்டி முடித்த தவளேஸ்வரம் அணைக்கட்டின் வாய்க்கால் நீரும் கோதாவரி வண்டலும் இந்த ஊர்களுக்குக் கைகொடுக்கின்றன. தமிழ்நாட்டு நர்சரிகள் பலவற்றுக்கும் இங்கிருந்துதான் லாரியில் செடி வருகிறது.

பண்ருட்டிப் பக்கமிருந்து ஒரு விவசாயத் தம்பதி ஆடி மாதம் இங்கே வந்திறங்கினார்கள். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். புதிதாகக் கட்டிய வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் ஆளுயரச் செடிகள் நிற்க வேண்டும் என்பது மகளின் ஆசை. கையில் 5,000 ரூபாய். உள்ளூர் நர்சரியில் அந்தப் பணத்துக்கு இரண்டு செடிதான் கிடைக்கும் என்றார்கள். மாங்கன்று ஏற்றிவரப் பக்கத்துத் தோட்டக்காரரின் மினி லாரி கிளம்பவே, கூடவே ஏறிக்கொண்டார்கள்.

சாலையோர நர்சரிகளில் விலை கேட்டதும் முகம் வாடிவிட்டது. பெரிய செடியின் விலை என்பது அது வளர்ந்த ஆண்டுகளின் விலை. பையும் மண்ணும் லாரியில் அடைக்கும் இடமும் அதன்மேல் ஏறும். உள்சந்துகளில் நடந்தால் அலங்காரத் தொட்டி இல்லாமல் வெறும் பையில் நிற்கும் அதே செடி சற்று மலிவு.

அங்கே ஒரு ரப்பர் செடி ஆள் உயரத்துக்கு நின்றது. விலையும் ஆச்சரியப்படும்படி குறைவு. அவர் தண்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். மண் அசையவில்லை, தண்டு மட்டும் ஆடியது. நிலத்திலிருந்து பெயர்த்துப் பையில் வைத்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். இப்படிப்பட்ட செடி வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் இலையைக் கொட்டிவிட்டு நின்றால் போட்ட பணம் போனதுதான். பையின் அடித் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பார்ப்பது நல்லது.

நர்சரிக்காரர் தெலுங்கு கலந்த தமிழில் வழி சொன்னார். "பெத்த செடி ஒண்ணு எதுக்கம்மா? சின்னது மூணு வாங்கி ஒரே தொட்டியில வைங்க, அடர்த்தியா இருக்கும்." அரிகா பாம் மெதுவாகத்தான் உயரும், ஆறு மாதத்தில் ஆளுயரம் வராது என்பதையும் அவரே மறைக்காமல் சொன்னார். அதில் இடுப்பளவு செடி இரண்டை எடுத்துக்கொண்டார்கள். வேர் பிடித்த நடுத்தர ரப்பர் செடி ஒன்று, சின்ன ரப்பர் செடி மூன்று.

கிளம்பும் நேரத்தில் அந்த அம்மா நின்றுவிட்டார். வாய்க்கால் கரைத் தென்னையில் மணி பிளான்ட் ஏறியிருந்தது; ஒவ்வொரு இலையும் முறம் அளவு.

"என்னங்க, நம்ம கொல்லைத் தென்னையிலயும் இதுதானே ஏறிக் கிடக்கு?"

அதேதான். தொட்டியில் தொங்கினால் உள்ளங்கை அளவு இலைவிடும் கொடி, பிடித்து ஏற ஆதாரம் கிடைத்தால் இலையைப் பெரிதாக்கிவிடும். ஊர் திரும்பியதும் கணுவில் வேரோடு நாலைந்து துண்டு வெட்டி, தென்னை நார் சுற்றிய மூங்கிலை நட்ட தொட்டிகளில் வைத்துக் கட்டினார். நாரை ஈரம் காயாமல் வைத்திருப்பதே வேலை. (இதன் சாறு வாயில் பட்டால் எரியும், குழந்தைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.)

நடுத்தர ரப்பர் செடியின் நுனிக் கிளையில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, வடிந்த பாலைத் துடைத்து, ஈரமான தென்னை நார்க் கழிவை வைத்து பாலித்தீன் தாளால் கட்டினார் அவர். மாமரத்துக்கு ஒட்டுக் கட்டிப் பழகிய கை. இரண்டு மாதத்துக்குள் தாளுக்குள் வேர் தெரிந்தது. அதற்குக் கீழே வெட்டியதும் ஒரு செடி கூடுதல். வரப்போரத்து மருளையும் பழைய மண்பானையில் வைத்தார்கள். நர்சரியில் விற்கும் ஸ்நேக் பிளான்ட் அதற்கு உறவுதான். வாசலுக்குப் பெரிய டிரம் இரண்டில் வாழைக்கன்று. கல்யாணத்துக்கு எப்படியும் வாழை கட்டத்தானே போகிறார்கள்.

வண்டி வாடகைப் பங்கு போக 900 ரூபாய் மிஞ்சியது. தையில் வாழையும் மணி பிளான்டும் ஆளுயரம் தாண்டியிருந்தன, அரிகா பாம் மார்பளவுகூட வரவில்லை. வெயிலில் நின்ற ரப்பர் செடியை அவசரத்தில் நேராகக் கூடத்து இருட்டில் வைத்ததில் அடி இலைகள் உதிர்ந்தன. திண்ணை நிழலில் இரண்டு வாரம் பழக்கிய பிறகே உள்ளே கொண்டுபோயிருக்க வேண்டும். மறுபடி திண்ணைக்கு மாற்றினார்கள். பந்தல் பிரித்த வாரத்தில் அது சிவப்புத் துளிர் விட்டிருந்தது.