மலை மேல் வீடு: கண்ணுக்கா, உடம்புக்கா?

நெய்க்காரப்பட்டியில் எந்த வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் தெற்கே பழனி மலைத்தொடர் தெரியும். சித்திரை மாதம் கீழே நாம் வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கும்போது மேலே மேகம் தவழும். "அங்கே நமக்கும் ஒரு வீடு இருந்தால்!" என்று பெருமூச்சு விடாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதும் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்துதான். ஆக, மலை வீடு என்பது ஆதியில் உடம்புக்காக ஏற்பட்டது.

இன்றைக்கு எல்லோரும் கேட்பது வேறு. சுவர் முழுக்கக் கண்ணாடி, தொங்கும் பால்கனி, ரூமுக்கு ரூம் பாத்ரூம், வாசல் வரை கார், ஹாலில் கணப்பு. ஆள் இல்லாத நாட்களில் வாடகைக்கும் விடலாம் என்று ஒரு கணக்கு.

என் கொழுந்தனாருக்கு வடகவுஞ்சிப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. கரும்பு வயலில் ஒரு பகுதியை விற்று, அங்கே வீடு கட்டுவதென்று முடிவாயிற்று. என் மாமியாரும் அவர்களோடு போய் இருப்பதாக ஏற்பாடு. அவருக்கோ பனிக்காலம் வந்தால் இளைப்பு. பிளானை எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்தார்கள். வடக்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி! "ராத்திரியில பழனி விளக்கெல்லாம் தெரியும் அண்ணி" என்றார் கொழுந்தனார்.

"அது சரி தம்பி, அத்தை சேலை எங்கே காயும்?" என்று கேட்டேன்.

சிரித்தார்கள். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. மலையின் வடசரிவில் காட்சி எல்லாம் வடக்கே, வெயில் தெற்கே. ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது மலை வீட்டுக்குப் பின்னால் நிற்கும். வடகிழக்குப் பருவமழையோ நேராக அந்தக் கண்ணாடியில்தான் வந்து அடிக்கும். பகலில் வெயில் உள்ளே வராது. ராத்திரியில் இருக்கிற சூடும் கண்ணாடி வழியே போய்விடும். அப்புறம் சுவரில் ஓதம், பீரோவுக்குப் பின்னால் பூசணம், மெத்தையில் ஈர வாடை. இளைப்பு உள்ளவர்களுக்கு இதைவிடக் கெடுதல் வேறு வேண்டாம்.

குளிருக்குக் கணப்பு இருக்கிறதே என்பார்கள். புகைபோக்கி இல்லாத அறையில் கரி அடுப்பு வைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போன செய்தியைக் கொடைக்கானலிலிருந்தே படித்திருக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

அடுத்தது மண். சமதளம் வேண்டுமென்று ஜே.சி.பி. வைத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய இடத்தை ஒட்டியே வீட்டை நிறுத்தப் பார்த்தார்கள். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் கனம் கூடும், பிடிப்பு தளரும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விடாவிட்டால் சுவரே தள்ளிக்கொண்டு வந்துவிடும். 2009 நவம்பரில் நீலகிரியிலும், 2024 ஜூலை 30 விடியற்காலை வயநாட்டிலும் மண் சரிந்து எத்தனை குடும்பங்கள் போயின! எல்லாம் வீடு கட்டியவர்கள் தப்பு என்று சொல்ல மாட்டேன். அளவுக்கு மீறிய மழை அது. ஆனாலும் நாம் வெட்டுகிற வெட்டையாவது குறைக்கலாம் அல்லவா? பூம்பாறையைப் போய்ப் பாருங்கள். சரிவுக்கு ஏற்றாற்போல் படிப்படியாக, ஒன்றையொன்று ஒட்டிச் சின்னச் சின்ன வீடுகள் நிற்கும்.

தமிழ்நாட்டில் பட்டியலில் சேர்த்த மலைக் கிராமங்களில் கட்டடம் கட்ட, 1990-ல் ஏற்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் உண்டு. காண்டிராக்டர் "பார்த்துக்கலாம்" என்றால் நம்பிவிடாமல், அனுமதிக் காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

நான்கு நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மாமியார்தான், "எனக்கு வெயில் வேணும் சாமி, விளக்கு வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். பிளான் மாறிற்று. அவர் அறையும் சமையலறையும் தென்கிழக்கே, காலை வெயில் விழும் இடத்தில். வீட்டை மலையிலிருந்து தள்ளி முன்னே கொண்டுவந்து, இரண்டு மட்டமாகப் பிரித்தார்கள். இதனால் வெட்டும் குறைந்தது, பின்பக்கம் வெளிச்சமும் கிடைத்தது. வடக்கே அளவான ஒரே ஜன்னல். சரிவான கூரையை நன்றாக வெளியே நீட்டி, அதன் கீழ் துணி காயப்போட ஒரு தாழ்வாரம். கொழுந்தனாருக்கு மனசு முழுசாக ஒப்பவில்லை. அம்மாவுக்காக விட்டுக்கொடுத்தார்.

மலையில் வீடு கட்டப்போகும் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை இன்னும் சில:

உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். கொடைக்கானல் உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகும். குக்கர் இல்லாமல் சரிப்படாது.

அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நான்கு விரல் இடைவெளி விட்டால் காற்று ஓடும். உப்பு, அப்பளம், மிளகாய்ப் பொடி எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில்தான் இருக்க வேண்டும்.

செப்டிக் டேங்க் ஊற்றுக்கு மேலே வரக்கூடாது. நம் கழிவு கீழே இருப்பவர்களின் குடிதண்ணீரில் கலக்கும்.

வயதானவர்கள் அறையிலிருந்து பாத்ரூமுக்குப் படி இருக்கக்கூடாது. ஈரப் படியில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். அவசரத்துக்கு இறங்க மலைப்பாதை ஒன்றுதான் வழி.

முக்கியமாக, இடம் பார்க்க மே மாதம் போகாதீர்கள். அப்போது எல்லா இடமும் சொர்க்கமாகத்தான் தெரியும். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் குடை பிடித்துக்கொண்டு போய், தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, வெயில் எப்போது எட்டிப் பார்க்கிறது என்று நின்று கவனியுங்கள். பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுங்கள். அதற்குப் பிறகு இன்ஜினீயரிடம் போகலாம்.