அட்டவணையில் விடுபட்ட நிரல்

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் இயலை நெறியாளரிடம் ஒப்படைத்தபோது எனக்குச் சற்றுப் பெருமிதந்தான். 2022இல் நேபாளப் பிரதிநிதிகள் சபையின் 275 பேரில் 91 பேர் பெண்கள். 2024இல் நம் மக்களவையின் 543 பேரில் 74 பேர். நேபாளம் நம்மை விஞ்சிவிட்டதென்று எழுதியிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே: "அந்த 91 பேரில் தொகுதியில் நின்று வென்றவர் எத்தனை பேர்?"

165 நேரடித் தொகுதிகளில் ஒன்பது பேர். மற்றவர்கள் விகிதாசாரப் பட்டியல் வழியே வந்தவர்கள். நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் மூன்றிலொரு பங்கு பெண்கள் வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு. கட்சிகள் அக்கடனைப் பட்டியலில் தீர்த்துவிட்டுத் தொகுதிகளைப் பெரும்பாலும் ஆண்களுக்கே வைத்துக்கொண்டன. நம் 74 பேரும் நேரடியாக வென்றவர்கள்.

உள்ளாட்சிக்கு வந்தபோது இத்தெளிவும் கலங்கியது. அங்கே தலைவர், துணைத்தலைவர் வேட்பாளர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கட்சிகள் பெண்களுக்குத் தருவது பெரும்பாலும் 'துணை'யே. வெறும் ஒப்பனை என்று எழுதினேன், பிறகு அடித்தேன். உள்ளூர் நீதிக் குழுவை நடத்துபவர் துணைத்தலைவர்தான். வாய்க்கால் தகராறும் கொடுபடாத கூலியும் முதலில் அவர் முன்தான் வருகின்றன. இதை எந்த விழுக்காட்டில் அடக்குவது?

இயலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். சமர்ப்பிக்கும் நாள் தள்ளிப்போகிறது. அட்டவணையில் இரண்டு நிரல்கள் கூடியிருக்கின்றன. 'விஞ்சியது' என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டேன்.