மூணு மிஸ்டு கால்

ஒரு மைல் ஓட்டம். அப்புறம் 100 புல்-அப்ஸ், 200 புஷ்-அப்ஸ், 300 ஸ்குவாட்ஸ். முடிச்சதும் மறுபடி ஒரு மைல் ஓட்டம். எங்க ஜிம் மாஸ்டர் இதுக்குப் பேரு ‘மர்ஃப்’னு சொன்னப்போ, ஏதோ புரோட்டீன் பவுடர்னு நினைச்சேன். முதல் நாள் 23-வது புல்-அப்ஸ்லயே கம்பியை விட்டுட்டேன். (சிரிக்காதீங்க!) பக்கத்துல ஸ்டூல் போட்டு எண்ணிட்டிருந்த என் ஹாஸ்டல் ரூம்மேட் மட்டும் விழுந்து விழுந்து சிரிச்சான். அவனுக்கென்ன, கால்ல பிளேட் வெச்சவன், தப்பிச்சான்!

மர்ஃப்ங்கிறது ஒரு ஆளோட செல்லப் பேரு. லெப்டினன்ட் மைக்கேல் மர்ஃபி. நியூயார்க் பையன். 1998-ல் டிகிரி முடிச்சு, லா காலேஜ்ல இடம் கிடைச்சும் போகாம, அமெரிக்கக் கடற்படையின் ‘சீல்’ கமாண்டோ ஆனவர். இந்த எக்சர்சைஸ் அவருக்கு ரொம்பப் பிடிச்சது.

2005 ஜூன் 28. ஆப்கானிஸ்தானின் குனார் மலை. மர்ஃபி, டேனி டீட்ஸ், மேத்யூ ஆக்சல்சன், மார்கஸ் லட்ரெல்... நாலே பேர். சுத்தி நின்னு சுடுறாங்க. உதவி கேட்கலாம்னா மலைக்கு நடுவுல சிக்னல் இல்லை. மறைவை விட்டு வெட்டவெளிக்கு வந்தாதான் கிடைக்கும். வந்தா குண்டு பாயும். மர்ஃபி வந்தார். பேசும்போதே முதுகில் குண்டு. கையிலிருந்து நழுவினதை மறுபடி எடுத்து, இருக்கிற இடத்தைச் சொல்லி முடிச்சார். கடைசியில் ‘நன்றி’ வேற சொல்லியிருக்கார். அப்போ அவருக்கு வயசு 29.

அந்த அழைப்பைக் கேட்டு ஒரு ஹெலிகாப்டர் பறந்தது. உள்ளே 16 பேர். ராக்கெட் குண்டு பட்டு அத்தனை பேரும் செத்துட்டாங்க. நாலு பேருக்காக 16 பேர்! அந்தப் போர் சரியா, தப்பான்னு எனக்கு நிறைய சந்தேகம் உண்டு. அந்த 16 பேர் மேல துளிகூட சந்தேகம் இல்லை.

நாலு பேரில் பிழைச்சது லட்ரெல் மட்டும்தான். காப்பாத்தினவர் முகமது குலாப்னு ஒரு பஷ்தூன் கிராமத்துக்காரர். அடைக்கலம் கொடுத்தவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுங்கிறது அவங்க ஊர் வழக்கம். குடும்பத்துக்கே ஆபத்துன்னு தெரிஞ்சும் மனுஷன் அசையலை.

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. காரணம் இருக்கு. ஃபைனல் இயர்ல ஒருநாள் இதே ரூம்மேட்கிட்டேயிருந்து மூணு கால். முந்தின நாள்தான் மெஸ் பில் விஷயமா எங்களுக்குள்ள சண்டை. ‘கெஞ்சட்டும்’னு போனை சைலண்ட்ல போட்டுட்டுப் படுத்துட்டேன். அவனோ பைக் சறுக்கி, கால் உடைஞ்சு, பைபாஸ் ஓரத்துல முக்கால் மணி நேரம் கிடந்திருக்கான். முன்னப்பின்ன தெரியாத ஒரு லாரி டிரைவர் அண்ணன்தான் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்தார். ‘தூங்கிட்டேன்டா’ன்னு சொன்னேன். அவனும் தலையாட்டினான்.

போன வாரம் 93-வது புல்-அப்ஸ்ல தொங்கிட்டிருந்தப்போ வாய் தானா வந்துருச்சு.

“மச்சி, அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலைடா.”

“தெரியும்டா. இன்னும் ஏழு இருக்கு... ஏறு!”