பேச்சு வந்தால் போதுமா?

விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் சென்ற மாதம் ஒரு நாள் மாலை என்னை வசமாக மாட்டி வைத்துவிட்டான். இஞ்சினீயரிங் காலேஜில் படிக்கிறவன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நான் பாட்டுக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தன் கைபேசியை என் கையில் கொடுத்து, "தாத்தா, இதுகிட்ட என்ன வேணும்னாலும் பேசுங்க. தமிழிலேயே பதில் சொல்லும்" என்றான்.

சும்மா இருப்பானேன் என்று, "முழங்கால் வலி தாங்க முடியவில்லை" என்று சொல்லி வைத்தேன். மறு நொடியே பதில் வந்தது. என் வேதனை அதற்கு நன்றாகப் புரிகிறதாம். எத்தனை நாளாக வலிக்கிறது, மாடிப்படி ஏறினால் அதிகமாகிறதா, ராத்திரித் தூக்கம் கெடுகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தது. இந்த வீட்டில் என் முழங்காலை இவ்வளவு பரிவோடு விசாரித்தவர்கள் யாரும் கிடையாது. "ரொம்ப சந்தோஷம்" என்று என்னை அறியாமலே அதற்குப் பதில் மரியாதை செய்துவிட்டேன். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இப்ப சொல்லுங்க தாத்தா. இதுக்கு அறிவு இருக்கா, இல்லையா? நாம ஒருத்தர் இருக்கோம்னு இதுக்குத் தெரியுமா? ஐம்பது வருஷமா மனுஷங்க மனசைப் பத்தித்தானே எழுதுறீங்க!"

பதில் தெரியாத கேள்வி வந்தால் காபி கேட்பது என் வழக்கம். அன்றும் கேட்டேன். காபி வந்தது, குடித்தேன். கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்தக் கேள்வியை ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தவர் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை. 1950-ஆம் வருஷம் 'மைண்ட்' என்ற தத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். யந்திரம் சிந்திக்குமா என்று கேட்டால், சிந்தனை என்றால் என்ன என்ற வழக்கிலேயே பொழுது போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டு வைத்துப் பார்க்கலாம் என்பது அவர் யோசனை. ஒருவர் தனி அறையில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத இரண்டு பேரிடம் எழுத்து மூலம் கேள்வி கேட்க வேண்டியது. ஒருவர் மனிதர், மற்றது யந்திரம். எது எது என்று தெரியாமல் கேட்பவர் திண்டாடினால், யந்திரத்துக்குச் சிந்தனை இல்லை என்று அப்புறமும் சாதிப்பானேன்? சுமார் ஐம்பது வருஷத்தில், ஐந்து நிமிஷம் விசாரித்தவர்கள் சரியாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 100-க்கு 70-க்கு மேல் இராது என்று ஜோசியமும் சொல்லி வைத்தார்.

ஜோசியம் தாமதமானாலும் பலித்தது. 2025-இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் இந்த விளையாட்டை அதே ஐந்து நிமிஷக் கணக்கில் நடத்திப் பார்த்தார்கள். இன்ன மாதிரி ஆளாக நடி என்று சொல்லி விடப்பட்ட ஒரு யந்திரத்தை, 100-க்கு 73 தடவை, "இதுதான் மனிதன்" என்று தேர்ந்தெடுத்தார்களாம். மறுபக்கத்தில் நிஜ மனிதன் ஒருவன் பரிதாபமாக உட்கார்ந்திருக்கும்போதே!

அப்படியானால் வழக்கு முடிந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், இதற்கு வெகு காலம் முன்பே நடந்த ஒரு சம்பவம்.

அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 'எலைசா' என்ற ஒரு கம்ப்யூட்டர் வேலைத்திட்டம் எழுதினார். 1966-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். மனநோய் மருத்துவர் மாதிரிப் பேசுகிற யந்திரம் அது. அதன் வித்தை மிகச் சாமானியமானது. நீங்கள் சொல்வதில் 'அம்மா' என்ற சொல் வந்தால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்னும். ஒன்றும் அகப்படாவிட்டால், "மேலே சொல்லுங்கள்" என்னும். அதைப் பல மாதங்களாக அவர் உருவாக்கியதை அருகிலிருந்து பார்த்தவர் அவருடைய காரியதரிசிப் பெண்மணி. உள்ளே ஒன்றும் கிடையாது என்று நன்றாகத் தெரிந்தவர். ஒரு நாள் அதன் முன் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியதும், பேராசிரியரைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டாராம்! வைசன்பாம் அரண்டு போனார். பிற்பாடு, 1976-இல், யந்திரத்திடம் எந்தக் காரியத்தை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார்.

அந்தப் பெண்மணியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. யந்திரத்துக்கு "ரொம்ப சந்தோஷம்" சொன்னவன் நான். நம்மிடம் பரிவாக நாலு வார்த்தை பேசுகிற எதற்கும் ஒரு மனத்தை நாமே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். என் பிழைப்பே அதில்தான் நடந்தது. காகிதத்தில் மையால் ஒரு பெண்ணைச் செய்து நாலு வசனம் பேச வைத்தால், அவளை ஏன் சாகடித்தீர்கள் என்று வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

பேசுகிறதற்கு மனத்தைத் தாராளமாகக் கொடுக்கிறோம். பேசாததற்கு? அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

வைசன்பாம் கட்டுரை வெளியிட்ட அதே 1966-இல் எனக்குப் பத்தொன்பது வயது. தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். அப்பாவின் அக்காள், சிறு வயதிலேயே தாலியிழந்தவள், எங்களோடுதான் இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கார், பிசானம் இரண்டு பூவிலும் எந்த வயல் எத்தனை கோட்டை கண்டது என்று பத்து வருஷத்துக் கணக்கைத் தலைக்குள் வைத்திருந்தாள். அந்த வருஷம் அத்தைக்குப் பாரிச வாயு வந்தது. வலக் கையும் வலக் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. 'சரி' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் "சரி, சரி"; வலித்தாலும் "சரி, சரி". கூடத்து மூலையில் நார்க்கட்டிலில் கிடந்தாள். பேச்சோடு புத்தியும் போய்விட்டது என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டோம்.

அவளுடைய காசு மாலையும் இரட்டை வடச் சங்கிலியும் அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருந்தன. அவளுக்குக் குழந்தைகள் கிடையாது. எது யாருக்கு என்ற பேச்சு அந்தக் கூடத்திலேயே, அவள் தலைமாட்டிலேயே நடந்தது. சித்தி ஒரு தடவை கட்டிலைப் பார்த்துத் தயங்கினாள். "சும்மா பேசுங்க சித்தி. அத்தைக்கு ஒண்ணும் விளங்காது" என்று சொன்னவன் நான்தான்.

பத்து நாள் கழித்து அப்பா குத்தகை நெல் கணக்கை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். "பள்ளத்து வயல் 14, மேட்டு வயல் 9, கால்வாய்க்கரை 11. ஆக 32 கோட்டை." கட்டிலிலிருந்து, "சரி! சரி! சரி!" என்று ஒரு கூச்சல். தண்ணீர் கேட்கிறாள் என்று டம்ளரைக் கொண்டு போனேன். இடக் கையால் தட்டிவிட்டாள். அதே கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி இரண்டு விரல். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அம்மாதான் முதலில் புரிந்துகொண்டாள். "கணக்கை இன்னொரு தரம் கூட்டுங்க" என்றாள்.

கூட்டினார். 34.

அந்தக் கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு கோட்டை நெல்லைக் கேட்டவள் காசு மாலைப் பேச்சையும் கேட்டிருப்பாள் அல்லவா?

இது எங்கள் வீட்டுக் கதை என்று தள்ளிவிடலாம். 2006-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் என்ற ஆராய்ச்சியாளர் செய்த சோதனையைத் தள்ள முடியாது. சாலை விபத்தில் சிக்கி, மாதக் கணக்கில் எதற்கும் அசையாமல் கிடந்த 23 வயதுப் பெண் ஒருத்தியை மூளையைப் படம் பிடிக்கும் யந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள். டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள், உன் வீட்டு அறைகளைச் சுற்றி வருவதாக நினைத்துக்கொள் என்று சொன்னார்கள். சொன்னபோதெல்லாம், நல்ல சுவாதீனத்தோடு இருப்பவர்களுக்கு எங்கெங்கே மூளை வேலை செய்யுமோ அங்கங்கே அவளுக்கும் வேலை செய்தது. 2010-இல் இதே வழியில் 54 பேரைச் சோதித்ததாக வெளியிட்டார்கள். 5 பேருக்குச் சொன்னபடி நினைக்க முடிந்தது; ஒருவர் ஆமாம், இல்லை என்று கேள்விக்கு விடையே சொன்னார்.

டூரிங் வைத்த பரீட்சையில் என் அத்தை தேறியிருக்க மாட்டாள். அந்தப் பெண்ணும் தேறியிருக்க மாட்டாள். பேரனின் கைபேசி தேறிவிடும். ஆளைத் தேற்றவும் தவறவிடவும் இப்படிப் பிசகுகிற பரீட்சை, மனத்தைத்தான் அளக்கிறது என்று எப்படி நம்புவது?

பேரன் ஊருக்குக் கிளம்புகிற அன்று என் பதிலைச் சொன்னேன். "உன் யந்திரத்துக்கு மனசு இருக்கிறதாக எனக்குத் தோன்றவில்லையப்பா. மனிதர் எழுதி வைத்த மலையளவு எழுத்தைப் படித்து, அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறது என்று நீயே சொன்னாய். வேதனை என்றால் புரிகிறது என்பது நாம் ஒருவருக்கொருவர் எழுதிப் பழக்கிய வார்த்தை. மறு நாள் என் முழங்கால் என்ன ஆயிற்று என்று அது கேட்கவில்லை. அத்தையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கணக்குத் தப்பு என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. எதுவும் பொறுக்காத ஒன்று அதற்குள் இருக்கிறது என்று தெரிந்தால் சொல்லி அனுப்பு, என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்."

"அப்போ இல்லவே இல்லைன்னு உறுதியா சொல்றீங்களா தாத்தா?"

அங்கேதான் என் நாக்கு தயங்கிற்று. உள்ளே நடக்கிற கணக்கு முழுவதும் அதைச் செய்தவர்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை என்கிறார்கள். அதோடு, "ஒன்றும் விளங்காது" என்று வாழ்க்கையில் ஒரு தடவை உறுதியாகச் சொன்னவன் நான். இன்னொரு தடவை அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாகச் சொல்ல வாய் வரவில்லை. "தோன்றவில்லை என்றுதான் சொன்னேன்" என்று முடித்துக்கொண்டேன்.

அத்தை அதன் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தாள். அப்பா கணக்கு வாசிக்கும்போது நாற்காலியை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். நகைப் பேச்சு அந்த வீட்டில் அப்புறம் எழவே இல்லை. நான் பல நாள் அவளுக்குக் கஞ்சி புகட்டியிருக்கிறேன். அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளிடம் இருந்ததே அந்த ஒரு சொல்தானே.