புகை சொல்லும் கணக்கு

பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை. ஆயில் குறைவதைக் கவனிப்பவர்கள் ஒரு வகை. வண்டி நடுரோட்டில் நின்ற பிறகு கவனிப்பவர்கள் இன்னொரு வகை. என் அப்பா முதல் வகை. 1998-ல் ரிடையர்டு ஆனபோது வந்த பி.எஃப். பணத்தில் வாங்கிய மாருதி 800 அவருடையது. இப்போது ஓட்டுவது நான்தான். ஆனால், எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எவ்வளவு ஆயில் ஊற்றினோம் என்று நோட்டில் எழுதுவது அவர்தான். அந்த நோட்டு சமீபத்தில் ஒரு கெட்ட செய்தி சொன்னது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் காலி!

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்தார்கள், மூடினார்கள். ''இன்ஜின் இறக்கணும் சார். ரிங், பிஸ்டன், போர்... நாற்பதாயிரம் ஆகும். பேசாம எடைக்குப் போட்டுடுங்க!''

அப்பா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. நானோ பி.காம். நஷ்டம் எந்தக் கணக்கில் என்று பார்க்காமலே கம்பெனியை இழுத்து மூடச் சொல்லும் ஆடிட்டரை நம்ப மனசு வரவில்லை.

பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஹெரால்டு, கஸல், கடைசியாக 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று நம்ம ஊர்க் கார்கள். எண்பதுகளின் கடைசியில் கார் உற்பத்தி நின்றுபோனது. அங்கே வேலை பழகிய ஒரு பெரியவர் சேலையூரில் இருக்கிறார். அவரிடம் போனேன். ''வண்டியைத் தொடாதீங்க தம்பி. காலையில நான் வந்து ஸ்டார்ட் பண்றேன்'' என்றார்.

ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரிக்கச் சொன்னார். காலையில் பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. ஆக, ஒழுகவில்லை, எரிகிறது. சாவியைத் திருப்பினார். குப்பென்று நீலப் புகை. சில விநாடியில் சுத்தமாகிவிட்டது. ''கறுப்புன்னா பெட்ரோல் அதிகம். வெள்ளை நிக்காம வந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ளே போகுது. நீலம்தான் ஆயில்.''

அடுத்து தாம்பரம் மேம்பாலம். அவர் காரில், நான் பின்னால் ஸ்கூட்டரில். ஏறும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தார். புகை இல்லை. ரிங் தேய்ந்திருந்தால் அங்கே புகைந்திருக்கும். இறங்கும்போது காலை எடுத்துவிட்டு, கீழே வந்து மறுபடி மிதித்தார். வந்தது நீலம்! காலை எடுத்தால் இன்ஜினுக்குள் உறிஞ்சும் வேகம் அதிகமாகும். வால்வின் தண்டு வழியாக ஆயிலை இழுக்கும். ராத்திரி நிற்கும்போது அதே வழியில்தான் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது.

அப்பவும் அவர் தீர்ப்பு சொல்லவில்லை. ஆயில் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்வும் குழாயும் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். அடைப்பு இருந்தால் நல்ல இன்ஜினும் ஆயில் குடிக்குமாம். இல்லை. பிளக்கைக் கழற்றி, மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தார். ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். மாற்றமே இல்லை. ரிங் போயிருந்தால் அந்த ஆயில் இடுக்கை அடைத்து, அளவு எகிறியிருக்கும்.

''ரிங் நல்லா இருக்கு தம்பி. வால்வ் சீல்தான். ரப்பர்... சூட்டுல வெந்து கல்லாயிடுச்சு.''

''கெட்டி ஆயில் ஊத்தினா சரியாகுமா?''

''காய்ச்சல்காரனுக்குப் போர்வை போத்தலாம். காய்ச்சல் போகுமா?''

சீல்களை மாற்ற, கூலியோடு நாலாயிரத்துச் சொச்சம். நோட்டில் இப்போது ஆயில் பக்கம் அநேகமாகக் காலி. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

ரிங்கே போயிருந்தால் இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும், தப்ப முடியாது. ஆனால் பிரிக்கும் முன், 'புகை எப்போ வருது?' என்று மெக்கானிக் உங்களைக் கேட்க வேண்டும். அதைக் கேட்காமலே விலை சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.