முதலில் இறங்குவது யார்?

மழைக்காலத்துப் பொகவந்தலாவையில் மாலை ஐந்து மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கும். மலைமுகட்டிலிருந்து மூடுபனி இறங்கித் தேயிலைச் செடிகளை நிரை நிரையாக விழுங்கிக்கொண்டு வரும். கடைசியில் லயத்துக் கூரைத் தகரங்களும் மறையும். அத்தகையதொரு மாலையில் எமது தமக்கையார் தம் மகனைக் கையைப் பிடித்து இழுத்து வராத குறையாக எம் வீட்டுக்கு அழைத்து வந்தார். பையன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலம் அது.

"தம்பி, நீயே கேளு. ராவெல்லாம் போனுதான். என்னமோ பூச்சியும் பாம்பும் சண்டை போடுதாம். கொழுந்து பறிச்ச காசு ரீலோட்டுக்கே போகுது" என்றார்.

ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்தவர்க்குக் கண்டிப்பது எளிது; கேட்பதுதான் கடினம். கைத்தொலைபேசியைப் பறித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது என்ற முடிவோடுதான் அதனை வாங்கினோம். கண்ணாடி விரிசல் விட்டிருந்த திரையில் சிறு சிறு பிராணிகள் ஆறு வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் எண்கள். எண்களுக்குப் பக்கத்தில், பையன் தன் கைப்பட எழுதிய குறிப்புத் தாள் ஒன்றும் மடியிலிருந்து வெளிவந்தது. அதில் பெருக்கலும் வகுத்தலும் பின்னமும் நெருக்கமாக நிறைந்திருந்தன. கணக்குப் போட்டவனைக் கண்டிக்க எமக்கு நா எழவில்லை.

வாசகர்களுள் இளையோருக்கு இவ்விளையாட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பெரியோருக்காகச் சில சொற்கள். போக்கிமொன் என்னும் இவ்வாட்டம் 1996 பெப்ரவரி 27 அன்று யப்பானில் வெளிவந்தது. அதனைப் படைத்த சத்தோஷி தஜிரி, சிறு பிராயத்தில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பித்துக் கொண்டிருந்தவர். தொடக்கத்தில் 151 ஆக இருந்த பிராணிகள் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. நெருப்பு, நீர், புல், பனி, உருக்கு என்று 18 வகைகள் உண்டு. நெருப்பு புல்லை எரிக்கும்; நீர் நெருப்பை அணைக்கும்; புல் நீரைக் குடிக்கும். ஆறு பிராணிகள் கொண்டது ஓர் அணி. ஒவ்வொன்றுக்கும் நான்கே வித்தைகள். இதற்கென நின்டெண்டோ நிறுவனம் விற்கும் பொறி எம்மவர்க்கு எட்டாத விலையுடையது. ஆயினும் ஷோடவுன் என்றொரு பயிற்சிக்களம் இலவசமாகக் கிடைக்கிறதாம். அணியை எழுத்திலேயே அமைத்துக்கொண்டு, முகந்தெரியாத எவருடனும் பொருதலாம். "ஒரு பாட்டுப் பார்க்கிற டேட்டாகூட ஆகாதுங்க மாமா" என்று பையன் தாயாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அவன் அமைக்க விரும்பியது முழுக்க முழுக்கத் தாக்கும் அணி. காவல் என்ற பேச்சே கிடையாது. எதிரி மூச்சு விடுமுன் முடித்துவிட வேண்டும். தமிழ் படித்தவர்க்கு இது புதிதன்று. மதிலை முற்றுகையிடுவது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி என்று புறத்திணையில் ஆண்டுதோறும் நாம்தாமே கற்பிக்கிறோம்! இவ்வாட்டத்திலும் நொச்சி சூடியோர் உண்டு. பிளிஸ்ஸி என்றொரு கொழுத்த பிராணி. உயிர்ப்புள்ளிக்கு அதன் அடிப்படை எண் 255. அதனை நிறுத்திவிட்டு, நஞ்சை ஊட்டி, காயத்தை ஆற்றிக்கொண்டு, எதிரி சலித்துப்போகும்வரை உட்கார்ந்திருப்பார்களாம். எமக்கு, உண்மையைச் சொன்னால், அந்தப் பிளிஸ்ஸியைத்தான் பிடித்தது.

பையனின் முதல் அணி பரிதாபமானது. கார்சோம்ப், டிராகனைட், சலமென்ஸ் என்று மூன்று பறநாகங்களைப் பெருமையோடு நிறுத்தியிருந்தான். தனித்தனியே மூன்றும் சூரர்கள். ஆனால் மூன்றுக்கும் பனி என்றால் நான்கு மடங்கு அடி. எதிரியிடம் மாமோசுவைன் என்னும் தந்தமுடைய பனிப்பன்றி ஒன்று இருந்தது. அது ஒன்றே மூன்றையும் வரிசையாகச் சாய்த்ததை நாம் எம் கண்ணாலேயே கண்டோம். இரண்டு நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

"உன் பாட்டன் பூட்டன் வந்த காலத்து வெள்ளைக்காரத் துரைமார் செய்த பிழை இதுதானப்பா" என்றோம். பையன் விழித்தான். இம்மலைகளில் தேயிலைக்கு முன் நின்றது கோப்பி. காட்டை வெட்டி, மலைக்கு மலை அந்த ஒன்றையே நட்டார்கள். விலை ஏறிற்று, இன்னும் நட்டார்கள். 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் இலையின் அடியில் செம்மஞ்சள் துரு போன்றதொரு பூஞ்சை கண்டது. ஒரு செடிக்கு ஆகாதது எல்லாச் செடிக்கும் ஆகாது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலே மடிந்தது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் சிறிதளவு தேயிலை பயிரிட்டிருந்தது பின்வந்தவர்களுக்கு வழியாயிற்று. சூரர்களை மட்டும் எண்ணி அணி சேர்த்தால் போதாது. எல்லாரையும் ஒருங்கே கொல்லும் நோய் எது என்றும் எண்ண வேண்டும். பையன் இதனைத் தாளில் குறித்துக்கொண்டான். வரலாற்றுப் பாடத்தில் அவன் இவ்வளவு கவனம் காட்டியதாக எமக்கு நினைவில்லை.

நிற்க. பிழையைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் நாம் மருந்தும் சொன்னோம். மூன்று பேர் தாக்கட்டும், மூன்று பேர் காக்கட்டும் என்றோம். பிளிஸ்ஸியும் வந்து சேர்ந்தது. அந்த வாரம் முழுவதும் பையன் தோற்றான். முன்னையினும் மெதுவாகத் தோற்றான். தாக்குபவர்கள் எதிரியைப் பாதி அடித்துவிட்டு வீழ்ந்தார்கள். காப்பவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள், காத்து என்ன செய்வது என்று தெரியாமல்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. பாதி அது பாதி இதுன்னு வச்சா ரெண்டுமே இல்லாமப் போயிருதுங்க" என்றான்.

பிறகு ஒரு கணக்கைக் காட்டினான். ஒவ்வொரு பிராணிக்கும் பயிற்சிப் புள்ளிகள் 510 உண்டு. ஓர் ஆற்றலுக்கு 252க்கு மேல் ஏற்ற முடியாது. ஆற்றல்கள் ஆறு. நாம் என்ன செய்திருப்போம் என்று வாசகர்கள் ஊகிக்கலாம். ஆறுக்கும் சமமாய்ப் பங்கிட்டிருப்போம், மாதச் சம்பளத்தை உறைகளில் போட்டு வைப்பது போல. பையன் தாக்குதலுக்கு 252, வேகத்துக்கு 252 என்று கொட்டிவிட்டு, எஞ்சியதை உயிரில் தெளித்தான். வேகத்தை ஏன் இப்படிப் போற்றுகிறாய் என்று கேட்டோம். நூறாம் படியில் கார்சோம்ப் எட்டக்கூடிய உச்ச வேகம் 333. வேகத்தின் அடிப்படை எண் 100 உடைய பிராணிகள் பலவற்றுக்கு உச்சம் 328. வேறுபாடு ஐந்தே ஐந்து. ஆனால் அந்த ஐந்தினால் முதலடி யாருடையது என்பது தீர்ந்துவிடுகிறது. ஓரடியில் வீழ்பவன் இரண்டாவதாய் அடிக்க வருவதில்லை அல்லவா?

எம் பாட்டனார் இஸ்தோப்பில் கரிக்கோடு கிழித்து எமக்கு ஆடுபுலி ஆட்டம் கற்பித்தது நினைவுக்கு வந்தது. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்காரனாய் ஆடும்போதெல்லாம் நாம் ஒரு புலியை மூலையில் பத்திரமாய் வைத்திருப்போம். "மூலையில கிடக்கிறது புலியில்லடா, அது ஆடு" என்பார் பாட்டனார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதன் பொருள் விளங்கியது. அதுவும் பேரன் உறவுள்ள ஒருவன் வாயிலாக.

காவலுக்காக வழக்காட எமக்கும் ஒரு சான்று கிடைத்தது. 2014 இல் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியரான பார்க் சே-ஜுன் வென்றார். அவர் அணியில் பச்சிரிசு என்னும் சிறு அணிற்பிள்ளை ஒன்று இருந்தது. எவரும் பொருட்படுத்தாத பிராணி. எதிரியின் அடிகளைத் தன் பக்கம் இழுத்துத் தாங்கிக்கொள்வதே அதன் வேலை. பெரும் நாகத்தின் அடியை வாங்கிக்கொண்டு அது நின்ற காட்சியை மருகனே எமக்குத் தேடிக் காட்டினான். வாதத்தில் வென்றோம் என்றுதான் நினைத்தோம். "அது சும்மா காக்கலீங்க மாமா. பக்கத்துல நிக்கிறவன் அடிக்கணும்னுதான் தாங்குது" என்றான். சிறுவர்களிடம் தோற்பதில் ஆசிரியர்களுக்கு ஒரு தனி அனுபவம் உண்டு.

மூன்றாவது அணி இவ்வாறு அமைந்தது. முன்னே கிளிம்மோரா: கனிமங்களாலான பூவைப் போன்ற ஒன்று. கார்சோம்ப் இருந்தது, பனி வந்தால் பனியை உடைக்க உருக்குக் கைகளையுடைய சிஸர் இருந்தது. சிஸருக்கு நெருப்பு ஆகாது. நெருப்பைத் தாங்க டிராகனைட். காசுகளாலான உடம்பையுடைய கோல்டெங்கோ மற்றொன்று. ஆறாவது இடத்துக்கு வாரம் ஒருவர் வந்து போனார்.

கிளிம்மோராவின் தொழிலை நாம் நெடுநேரம் புரிந்துகொள்ளவில்லை. அது முதலில் களத்தில் இறங்கும். இடுப்பில் ஒரு கச்சை. முழு உயிரோடு இருக்கும்போது எத்தகைய அடி விழுந்தாலும் ஒரு புள்ளி உயிரை மிச்சம் வைக்கும் கச்சை அது. அந்த ஒரு புள்ளியோடு எதிரியின் தரையில் கூர்ங்கற்களைப் பரப்பிவிடும். அடுத்த அடியில் மடியும். அவ்வளவுதான் அதன் ஆட்டம். ஆனால் அதன்பின் களத்தில் கால் வைக்கும் எதிரி பெரும்பாலும் எட்டில் ஒரு பங்கு உயிரை அக்கற்களில் இழக்கிறது. கல்லுக்கு மிக அஞ்சும் சில, பாதியை இழக்கும். இரண்டு அடி வேண்டியிருந்த இடத்தில் ஒன்று போதும். கற்களைச் சுழன்று பெருக்கித் தள்ளும் வித்தையும் எதிரிக்கு உண்டு. கோல்டெங்கோ ஆவி வகையாதலால் அந்த வித்தை அதன்மேல் பலிக்காது. இன்னொன்று: முன்னவன் மடிந்தபின் வருபவன் அடிபடாமல் களம் புகலாம்.

"அப்படியானால் அதனைச் சாகக் கொடுக்கிறாய்" என்றோம்.

"சாகக் கொடுக்கலீங்க மாமா. அது போகலேன்னா மத்தவங்க நுழையவே முடியாதுங்க."

அன்றிரவு நாம் சரியாக உறங்கவில்லை. எம் தந்தையார் காலமானபோது தமக்கையார் எட்டாம் வகுப்பில் இருந்தார். கணக்கில் எம்மினும் கெட்டிக்காரர். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க வீட்டில் வகையில்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. புத்தகப் பையைச் சுவரில் மாட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். அட்டைக்கடியும் மழையுமாய், பேர் போடுவதற்கு வேண்டிய கொழுந்தை அன்றன்று நிறுத்துக் கொடுத்தார். நாம் வெள்ளைச் சட்டை அணிந்து பாடசாலைக்குப் போனோம். பட்டம் பெற்றோம். பின் என்ன செய்தோம்? உயர்தரத்தில் கணிதம் எடுக்கும் ஆசையிருந்தும், தவறிவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சிக் கலைப்பிரிவில் ஒதுங்கினோம். தமிழ் எமக்குச் சோறும் சுகமும் தந்தது, அதில் குறையில்லை. ஆயினும் தமிழ்மேல் கொண்ட காதலால் கணக்கைத் துறந்தோம் என்று மாணவர்களிடம் சொல்லிவந்தது முழு உண்மையன்று. அவர் கல் பரப்பிய களத்தில் நாம் மூலைப் புலியாய் உட்கார்ந்திருந்தோம்.

பெறுபேறு வந்தது. பையனுக்குக் கணிதத்தில் உயர்ந்த சித்தி. அடுத்தது எந்தப் பிரிவு என்னும் கேள்வி. ஊர்ப் பக்கத்திலேயே கலைப்பிரிவு படித்தால் செலவு குறைவு. சித்தியடைவதும் ஏறக்குறைய உறுதி. கணிதப் பிரிவென்றால் நோர்வூட் வழியே ஹற்றனுக்குப் பேருந்தில் அன்றாடம் போய்வர வேண்டும். தனி வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். மூன்று பாடத்தில் ஒன்று சறுக்கினாலும் ஆண்டு வீண். சில மாதங்களுக்கு முன்னர் கேட்டிருந்தால் எம் விடை ஆயத்தமாய் இருந்திருக்கும். அந்த விடையைப் பலருக்குக் கொடுத்திருக்கிறோம். அவர்களிற் சிலர் இன்று கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். வழியில் கண்டால் மரியாதையாய் வணங்குகிறார்கள்.

தமக்கையார் விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். "நீ சொல்றதுதான் தம்பி" என்றார். பையன் எம் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கணிதம் என்றோம். தவறக்கூடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னோம். வகுப்புப் பணம் எம் பொறுப்பு என்றும் சொன்னோம். விளையாட்டு மாலையில் இரண்டு ஆட்டம் மட்டும் என்று நாமும் மருகனும் ஏற்கெனவே உடன்படிக்கை செய்திருந்தோம், அதனையும் அறிவித்தோம். நள்ளிரவு விழிப்பை நாம் எந்த அணிக்காகவும் மன்னிப்பதாயில்லை.

தமக்கையார் சிறிது நேரம் பேசவில்லை. "ஹற்றனுக்கு பஸ் சீசன் எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்டார். பையன் சொன்ன தொகையை விரல்விட்டு எண்ணி, தலையசைத்துக்கொண்டார். அப்பொழுதும் அவர் கணக்கில் விரைவுதான்.

புறப்படுமுன், என்றுமில்லாதபடி, மகனின் தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். ஆயிரத்தில் தொடங்கிய அவன் தரப்புள்ளி அப்போது ஆயிரத்து முந்நூற்றைத் தாண்டியிருந்தது. அது அவருக்கு ஒரு பொருட்டாகவில்லை. "இதுல எது முதல்ல இறங்குது?" என்றார். பையன் கிளிம்மோராவைத் தொட்டுக் காட்டினான்.

"பூ மாதிரி இருக்கு" என்றார். பின்பு டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வெள்ளனப் பெரட்டு, நான் வர்றேன் தம்பி" என்று படியிறங்கினார். பையன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னே ஓடினான்.